பேனா கண்காட்சிக்கு முதல் தடவை போகிற நெல்லைக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனா கண்காட்சியில் அப்படி என்ன இருக்கும்? கடையில் பார்க்காததா?

கடையில் கண்ணாடிக்குள் பத்துப் பேனா இருக்கும். இரண்டை எடுத்துக் காட்டுவார்கள், எழுதிப் பார்க்கக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கண்காட்சியில் ஒரு கூடம் முழுக்க மேசைகள், பெரும்பாலும் மை ஊற்றி எழுதும் நிப் பேனாக்களுக்கு. கடைசல் பிடித்துப் பேனா செய்கிறவர்களே ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கம்பெனிகளின் விற்பனையாளர்கள், பழைய பேனா சேகரித்து விற்பவர்கள், மை, நோட்டு விற்பவர்கள், நிப் சரிசெய்கிறவர் என்று மற்ற மேசைகள். பெரும்பாலும் வார இறுதியில் இரண்டு மூன்று நாள் நடக்கும். 2020 பிப்ரவரியில் மும்பையில் ‘இந்தியா பென் ஷோ’ நடந்தது. நமக்குக் கைக்கெட்டும் தூரம் என்றால் சென்னையும் பெங்களூருவும்தான். நுழைவுக் கட்டணம் உண்டா, முன்பதிவு வேண்டுமா என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அறிவிப்பைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

நெல்லையிலிருந்து போவதென்றால் எந்த நாள், எந்த ரயில்?

சென்னை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தால் விடியலில் இறங்கிக் குளித்து, கூடம் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் வேகமானதுதான். ஆனால் காலையில் இங்கே கிளம்பி மதியம் எழும்பூர் சேர்வதால் அரை நாள் போய்விடும். அதைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சில ரயில்களுக்கு எழும்பூர், தாம்பரம் என்று நிலையம் மாற்றிவிடுகிறார்கள், டிக்கெட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய பேனா வேட்டைக்கு முதல் நாள் காலைதான் சரி. ஒன்றுக்கு மேல் இல்லாத சரக்கு, பதினொரு மணிக்குள் போய்விடும். எழுதிப் பார்க்கவும், செய்கிறவர்களிடம் நின்று பேசவும் கடைசி நாள் காலை வசதி. கூட்டம் குறைவு, அவர்களும் பைய பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் கையளவு சரக்கும் களைத்த முகங்களும்தான்.

கையில் என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

முதலில் உங்கள் நோட்டு. வீட்டிலோ ஆபீசிலோ தினமும் எதில் எழுதுகிறீர்களோ அதே தாள். மேசையில் சோதனைக்கு வைத்திருக்கும் தாள் பெரும்பாலும் வழவழப்பான உயர்ந்த ரகமாக இருக்கும். அதில் எந்த நிப்பும் வெண்ணெயாக ஓடும். அதே பேனா ஊருக்கு வந்து சாதாரண கோடு போட்ட நோட்டில் மை ஊறிப் பூச்சி ஊர்ந்ததுபோல் தெரியும்போதுதான் ‘அங்கே நல்லா எழுதியதே’ என்ற கேள்வி வரும்.

பிறகு, இப்போது நீங்கள் விரும்பி எழுதும் பேனா ஒன்று, மை நிரப்பியது. புதுப் பேனாவில் ஒரு வரி, அதன் கீழேயே உங்கள் பேனாவில் ஒரு வரி எழுதினால் மெல்லிசா, தடிமனா என்பது வாதமில்லாமல் தெரிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் (நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே, அது), ஒரு பழைய பருத்தித் துணி, கொஞ்சம் டிஷ்யூ. பணம் ரொக்கமாகவும் வேண்டும். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் ஸ்கேன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். குனிந்து பார்க்கும்போது அட்டையின் கொக்கிதான் மேசையிலிருக்கும் பேனாவைக் கீறும்.

மேசைக்காரருக்கு அல்வா வாங்கிப்போவது நல்ல காரியம்தான். ஆனால் அதைப் பிரித்த விரலோடு தாளைத் தொடாதீர்கள். நெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது, பேனா விட்டு விட்டு எழுதும், பழி நிப் மேல் விழும்.

மை நிரப்பிய பேனாவை ரயிலில், விமானத்தில் கொண்டுபோனால் கசியுமா?

நிறைய இருந்தாலும் கசியாது, சுத்தமாகக் காலியாக இருந்தாலும் கசியாது. அரையும் குறையுமாக இருப்பதுதான் ஆபத்து. காரணம் மை அல்ல, உள்ளே இருக்கும் காற்று.

பேரலிலேயே (பேனாவின் உடல் குழாய்) நேராக மை ஊற்றும் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மில்லி பிடிக்கும் பேரலில் அரை மில்லி மைதான் மிச்சம் என்றால் மீதி 2.5 மில்லியும் காற்று. ஏ.சி. பெட்டியின் 25 டிகிரியிலிருந்து சட்டைப் பையின் 35 டிகிரிக்கு வந்தால் அந்தக் காற்று சுமார் மூன்றரை சதவீதம் விரியும். அதாவது 0.08 மில்லி. அவ்வளவு மை வெளியே தள்ளப்படும். ஏறக்குறைய ஒன்றரைச் சொட்டு. வெள்ளைச் சட்டைக்கு ஒன்றரைச் சொட்டு போதாதா? முழுக்க நிரப்பிய பேனாவில் காற்று கால் மில்லிகூட இருக்காது, விரிந்தாலும் நிப்புக்கு அடியிலிருக்கும் ஃபீட் கட்டையின் பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எழுதும்போது கால் பங்கு மை இருக்கும் பேனா சொட்டுவதும் இதே கணக்குத்தான்.

வாகைக்குளத்தில் விமானம் ஏறினாலும் இதே கணக்கு, கூடவே மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தமும் குறையும். நிரப்புங்கள் அல்லது காலி செய்யுங்கள். நிப் மேலே பார்த்திருக்கட்டும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்காதீர்கள். திரும்பும்போது வாங்கிய மைப் புட்டிகளை மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெரிய பையில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் கேள்வி வரும்.

மேசையில் பேனாவைத் தொடலாமா?

கேட்டுவிட்டுத் தொடலாம். ‘எழுதிப் பார்க்கலாமா அண்ணாச்சி?’ என்ற ஒரு கேள்வி போதும். எழுதக் கொடுப்பவர் மைப்புட்டியைத் தானே நகர்த்தி வைப்பார். நீங்களாகப் புட்டியில் முக்காதீர்கள், மை படாத புதுப் பேனா என்று சொல்லித்தான் சிலவற்றை விற்பார்கள்.

மூடியை இழுக்காதீர்கள். முதலில் லேசாகத் திருகிப் பாருங்கள். திருகு மூடியை இழுத்தால் மரை போகும். கழற்றிய மூடியைப் பேனாவின் பின்னால் செருக வேண்டாம், புதுப் பேனாவில் அந்த ஒரு செருகலிலேயே வளையமாகக் கோடு விழும். பின்புறக் குமிழைத் திருகுவது, நிப் வளைகிறதா என்று அழுத்திப் பார்ப்பது, இரண்டும் கூடாது. எல்லாவற்றையும் மேசையின் துணி விரிப்புக்கு மேலேயே வைத்துச் செய்யுங்கள், நிப் கீழே பார்க்க விழுந்த பேனாவுக்கு மறுபிறவி கஷ்டம்.

எழுதிப் பார்க்கக் கொடுத்தால் என்ன எழுதுவது? கையெழுத்து போட்டால் போதாதா?

போதாது. கையெழுத்து பழகிய வேகத்தில் ஓடிவிடும், எந்தப் பேனாவும் சரியாகத்தான் தெரியும். எட்டு எட்டாகக் கிறுக்குவதும் அப்படித்தான்.

தமிழில் எழுதுகிறவர் தமிழில்தான் சோதிக்க வேண்டும். நம் எழுத்தில் சுழி அதிகம், நிப் எல்லாத் திசையிலும் போய் வர வேண்டியிருக்கும். மூணு சுழி ‘ண’ ஒன்று எழுதுங்கள், உங்கள் வழக்கமான அளவில். சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறதா? பிறகு ஞ, ஜ, இ, ழ, ‘ணை’. வழக்கமான கோடு போட்ட நோட்டில் கோட்டுக்குக் கோடு 8 மில்லிமீட்டர் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு விழுந்தால் சுழிகள் மையால் அடைந்து ண, ன வித்தியாசமே மங்கிவிடும்.

ஐந்தாறு வரி எழுதுங்கள். முகந்து எடுத்தது போல நிப்பை மையில் முக்கிக் கொடுத்திருந்தால் முதல் இரண்டு மூன்று வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஃபீட்டில் வழிய மை இருப்பதால் கோடு தடித்தே வரும். நாலாவது வரிதான் பேனாவின் உண்மையான சுபாவம். அடுத்து மூடியைத் திறந்தபடி அரை நிமிடம் வைத்திருந்து மறுபடி எழுதுங்கள். முதல் இழுப்பு விழவில்லை என்றால் அந்த நிப்பில் ஏதோ இருக்கிறது.

எழுதிய வரி ஓரத்திலேயே பேனா பெயர், நிப் அளவு, மை, விலை. சாயங்காலம் முப்பது வரி சேர்ந்த பிறகு எது எதென்று ஞாபகம் இருக்கவே இருக்காது.

எஃப், எம், பி, ஸ்டப். எது நமக்கு?

எஃப் மெல்லிசு (ஃபைன்), எம் நடுத்தரம் (மீடியம்), பி தடிமன் (பிராட்), ஸ்டப் என்பது நுனி தட்டையாக வெட்டியது. ஐரோப்பிய எஃப் சுமார் அரை மில்லிமீட்டரைத் தாண்டும். ஜப்பான் எஃப் அதைவிட ஒரு படி மெல்லிசு, ஜப்பான் எம்-தான் பல சமயம் ஐரோப்பிய எஃப்புக்குச் சமம். எனவே நிப்பில் பொறித்த எழுத்தைப் பார்த்து வாங்காமல் கோட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சின்னத் தமிழ் எழுத்து, சாதாரண தாள் என்றால் எஃப் போதும். எம் வேண்டும் என்கிறவர்கள் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளத் தயாராக வேண்டும். 1.1 மில்லிமீட்டர் ஸ்டப் நிப்பில் செங்குத்துக் கோடு தடித்தும் படுக்கைக் கோடு மெலிந்தும் வரும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுத ஜோராக இருக்கும், பால் கணக்கு எழுத ஆகாது. முதல் பேனாவாக ஸ்டப் வாங்குவதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

நிப் கீறுகிறது. அது மோசமான பேனாவா?

பல நேரம் ஒரு நிமிட வேலைதான். லென்ஸை எடுத்து நிப்பை நேர் எதிராகப் பாருங்கள். நுனியில் இரண்டு மணிகள் போலத் தெரியும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டும் கீறும். மேசைக்காரரிடம் சொன்னால் நகத்தாலேயே சரிசெய்து கொடுத்துவிடுவார்.

எல்லாத் திசையிலும் ஒரேபோல் கரகரப்பு என்றால் நுனி சொரசொரப்பு, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கரகரப்பே இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் இழுப்பும் விழ மாட்டேனென்கிறது என்றால் நேர் எதிரான கோளாறு. அளவுக்கு மீறித் தேய்த்ததில் நடுப்பிளவின் உள் ஓரங்கள் உருண்டுபோய், மை தாளைத் தொடாமல் உள்ளேயே நிற்கிறது. இது விலை உயர்ந்த பேனாவிலும் வரும். கோடு முழுக்க வறண்டு வெளிறி வந்தால் பிளவு இறுக்கம் அல்லது ஃபீட் சரியாக உட்காரவில்லை.

இவ்வளவும் சொல்லும் முன் பேனாவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பால்பாயிண்ட் பழக்கம் உள்ள பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான்.

நிப் சரிசெய்கிறவரிடம் எப்படிப் போவது?

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அவர் மேசைக்குப் போய்ப் பெயர் எழுதிவையுங்கள். மற்றதெல்லாம் பிறகு. மதியத்துக்குள் வரிசை மூடிவிடும். காய்ந்த மை அப்பிய பேனாவை நீட்டாதீர்கள், முந்தின நாளே கழுவி, நீங்கள் எழுதும் மையையே நிரப்பிக்கொண்டு போங்கள். அவர் முன்னால் நாலு வரி எழுதிக் காட்டினால் பிடிக்கும் கோணமும் அழுத்தமும் அவருக்கே தெரியும்.

நுனியில் இருப்பது கெட்டியான உலோகக் கலவையின் சிறு மணி. தேய்த்தால் தேய்ந்ததுதான். பி-யை எஃப் ஆக்கலாம், எஃப்பை பி ஆக்க முடியாது. அன்று காலை வாங்கிய பேனாவை அன்று மதியமே தேய்க்கக் கொடுக்காதீர்கள், கம்பெனி உத்தரவாதம் அத்தோடு போகும். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

நம் நாட்டுக் கைவேலைப் பேனா வாங்கலாமா?

முதலில் அங்கேதான் போக வேண்டும் என்போம். ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930-களில் சுதேசி இயக்கத்தின் நாட்களில் தொடங்கியது. நம் பக்கம் திருவள்ளூரில் ரங்கா, சென்னையில் ஜெம் அண்ட் கோவின் காமா. செய்கிறவர்களோடு நேரில் பேசி, உங்கள் கைக்கு ஏற்ற பருமன், நீளம் சொல்லிச் செய்துவாங்கலாம்.

இவற்றில் பெரும்பாலும் எபோனைட். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய பொருள். கையில் சூடேறினாலும் வழுக்காது, முகர்ந்தால் லேசாகக் கந்தக வாசனை. கறுப்பு எபோனைட்டைத் தொடர்ந்து வெயிலில் வைத்தால் பச்சை கலந்த பழுப்பாக வெளிறும், ஜன்னலோர மேசைக்கு ஆகாது.

வாங்கும் முன் மூன்று பாருங்கள். பேரலைக் கழுத்திலிருந்து (விரல் பிடிக்கும் பகுதி) கழற்றி மாட்டுங்கள். மரை சறுக்காமல் ஒரே சீராக இறங்க வேண்டும், கடைசியில் இடைவெளி தெரியக்கூடாது. மூடி எத்தனை சுற்றில் கழலுகிறது என்று எண்ணுங்கள். நாலு சுற்று என்றால் நீதிமன்றத்தில் குறிப்பெடுக்கிறவருக்கு எரிச்சல். நிப் எந்த அளவு என்று கேளுங்கள். 35 மில்லிமீட்டர் நீளமுள்ள 6-ம் நம்பர் நிப் என்றால் பின்னால் மாற்றிக்கொள்ள ஜெர்மன் நிப்பும் கான்பூர் நிப்பும் கிடைக்கும்.

பேரலில் ஊற்றுவதா, கன்வர்ட்டரா?

கன்வர்ட்டர் என்பது பேரலுக்குள் மாட்டிக் கழற்றும், மை உறிஞ்சி வைக்கும் சின்னக் குழாய். நாள் முழுக்க எழுதுகிறவருக்கு ஊற்றுவது. மூன்று நாலு மில்லி பிடிக்கும், வாரம் முழுக்கக் கவலை இல்லை. ஊர் ஊராகப் போகிறவருக்குக் கன்வர்ட்டர், ஒரு மில்லிக்குள்தான் பிடிக்கும் ஆனால் சொட்டாது. இரண்டும் பொருந்துகிற மாதிரியும் செய்து தருகிறார்கள். பைலட், லாமி, பார்க்கர் மூன்றுக்கும் தனித்தனி வாய், ஒன்றின் கன்வர்ட்டர் மற்றதில் ஏறாது. பேனா வாங்கும் மேசையிலேயே அதற்கானதையும் வாங்கிவிடுங்கள்.

தாத்தாவின் பழைய பேனா இருக்கிறது. எடுத்துப்போகலாமா?

தாராளமாக. போவதற்கு முன் வெந்நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுவைக்காதீர்கள். வெந்நீரில் எபோனைட் நிறம் மாறும், ஸ்பிரிட் செல்லுலாய்டைக் கரைக்கும். சாதாரணத் தண்ணீரில் நிப் பக்கம் மட்டும் ஒரு ராத்திரி ஊறட்டும். கழலாததை இடுக்கி போட்டுத் திருகவே வேண்டாம்.

பழைய பேனா வாங்குகிறவர் மூடியின் உதட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து மயிரிழை விரிசல் தேட வேண்டும். அங்கேதான் முதலில் விடும். நுனி மணி இரண்டும் இருக்கிறதா? உள்ளே ரப்பர் பை என்றால் எப்போது மாற்றியது? 1941-ல் வந்த பார்க்கர் 51 எல்லா மேசையிலும் இருக்கும். முதலில் வந்தது பின்புறக் குமிழை அழுத்தி அழுத்தி மை இழுக்கும் வேக்குமேட்டிக், 1948 முதல் உள்ளே இருக்கும் பையை அழுத்தி நிரப்பும் ஏரோமெட்ரிக். எழுதுவதற்கு வாங்குகிறவர் பிந்தியதை எடுங்கள், பழுது குறைவு.

மை?

புட்டி வாங்கும் முன் 2 மில்லி மாதிரி கிடைக்குமா என்று கேளுங்கள். கூடத்து விளக்கில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், தடவிய தாளை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 1934-ல் சுதேசி மையாகத் தொடங்கிய கொல்கத்தா சுலேகா, பக்கத்தில் கேரளத்துக் கிருஷ்ணா, இரண்டுமே பார்க்கத் தகுந்தவை.

படம் வரையும் இந்தியன் இங்க் எந்தக் காரணத்துக்கும் பேனாவில் ஊற்றக் கூடாது, காய்ந்தால் அரக்காக ஒட்டும். மினுமினுப்பு மை மெல்லிய நிப்பை அடைக்கும். இரண்டு மையைக் கலப்பது ரசாயனப் பரிசோதனை.

பேரம் பேசலாமா?

தன் கையால் செய்து விற்பவரிடம் வேண்டாம். பழைய பேனா மேசையில், அதுவும் இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால், மரியாதையாகக் கேட்கலாம். பில் கேளுங்கள், நிப் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

ஒன்றும் வாங்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்களா?

மாட்டார்கள். முப்பது வரி எழுதிய நோட்டு கையில் இருந்தால் அடுத்த மாதம் தபாலில் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் உடனே மை நிரப்பலாமா?

கழுவிவிட்டு. புதுப் பேனாவிலும் கடைசலின் எண்ணெய் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, ஐந்தாறு தடவை இழுத்துப் பீய்ச்சி, பிறகு வெறும் தண்ணீரில் அதே அளவு. ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடு என்றால் குழாய் போதும். போர் தண்ணீர் வேண்டாம். வாளியில் படிகிற அதே உப்புத்தான் ஃபீட்டின் மயிரிழைப் பள்ளத்திலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருஷம் ஓடும். நிப் கீழே பார்க்க, டிஷ்யூவில் ஒரு ராத்திரி நிற்கட்டும்.

பேரலில் ஊற்றும் பேனாவானால் கழுத்து மரையில் சிலிக்கான் கிரீஸ், ஒரு அரிசி அளவு, சுற்றிலும். வாஸ்லைன் ரப்பர் வளையத்தை ஊதவைக்கும், அது வேண்டாம். இங்க் ஃபில்லரால் மரைக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை ஊற்றி, பேரலை நிமிர்த்திப் பிடித்தபடியே கழுத்தைத் திருகுங்கள். மரையில் ஏறிய மையை உடனே துடைக்காவிட்டால் மறுநாள் நடுவிரலில்தான் தெரியும்.